முந்தி தெரியாத சேலை

ஆகஸ்ட் 20, செவ்வாய்

நூல் மில்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி. ஏழு மாதம் பால் கணக்குக்குக்கூட ஆகாமல் கிடந்தது. இன்று முதல் எழுதப்போகிறேன். கடையில் யாரை நம்பிப் பேசுவது என்று தெரியவில்லை. போனில் குறித்து வைத்தால் எவன் எவன் படிப்பானோ.

விஷயம் இதுதான். இளம்பிள்ளையில் எங்கள் மயில்தோகை சேரீஸ் இருபத்தாறு வருடக் கடை. நானும் தம்பி மணிவாசகமும் பங்கு. முன்பு வியாபாரிகள் பஸ் பிடித்துக் கடைக்கு வந்தார்கள். இப்போது கடைக்குள் யாரும் வருவதில்லை, எல்லோரும் போனுக்குள் வருகிறார்கள். ஞாயிறு காலை பதினோரு மணிக்கு லைவ். கோகிலவாணி என்று தாரமங்கலத்துப் பெண் ஒருத்தி, வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, அந்த வாரத்துப் புது டிசைனைக் கட்டிக்கொண்டு நின்று, இன்னொன்றை விரித்துக் காட்டிப் பேசுவாள். பார்ப்பவர்கள் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பிப் பதிவு செய்வார்கள். எத்தனை பதிவோ அத்தனை சேலைதான் தறியில் ஓடும். சரக்கு தேங்காது. தம்பி இதை ஸ்ட்ராட்டஜி என்கிறான். தெருவில் கூவி விற்பதற்கு இப்படி ஒரு பெயர் இருப்பது எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

இரண்டு வாரமாக எங்கள் புது டிசைன், எதிர்க்கடை குழந்தைவேலின் சனிக்கிழமை லைவில் வந்துவிடுகிறது. எங்களுக்கு ஒரு நாள் முன்னால், நூறு ரூபாய் குறைவாக. ஒரு மாதிரிச் சேலையை நெய்து காட்டிப் பதிவு வாங்கிவிடுகிறான், மிச்சத்தைப் பிறகு ஓட்டிக்கொள்கிறான். மறுநாள் எங்கள் லைவில் ஜனங்கள் கேட்கிறார்கள், "இது நேத்தே பாத்தாச்சே, காப்பியா?" என்று. எங்களைப் பார்த்து.

தீபாவளிக்குப் பத்து வாரம் இருக்கிறது. எங்களை நம்பிப் பதினெட்டு தறி ஓடுகிறது. கடைக்குள் யாரோ படம் எடுத்து அனுப்புகிறார்கள். யார் என்று கண்டுபிடிக்காமல் விடப்போவதில்லை.

மாலை ஓங்காளியம்மன் கோயிலுக்குப் போனேன். புது டிசைனில் தறியிலிருந்து இறங்கும் முதல் சேலை அம்மனுக்கு. எங்கள் அப்பா வைத்த வழக்கம், செவ்வாய் தவறினதில்லை. இந்த வாரம் கடுகு மஞ்சள் உடல், அரக்குக் கரையில் மாங்காய். பூசாரி மாரப்பன் கொசுவம் வைத்துக் கட்டிவிட்டார். கண்ணை எடுக்க முடியவில்லை.

வரும் வழியில் பல்ப் ஒன்று வாங்கினேன்.

ஆகஸ்ட் 24, சனி

குழந்தைவேலின் லைவை மாடிப்படியில் உட்கார்ந்து கமலவேணியின் போனில் பார்த்தேன். என் போனில் பார்த்தால் அவனுக்குப் பெயர் தெரிந்துவிடும்.

கடுகு மஞ்சள். அரக்குக் கரை. மாங்காய். எல்லாம் வந்துவிட்டது.

கமலவேணி என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, முந்தி வேறயா இருக்குதுங்களே. நம்முளுது ஜோடி மயிலு. இது வெறும் கோடு" என்றாள்.

"திருடறவன் கொஞ்சமாச்சும் மாத்துவான்ல" என்றேன். முந்தானை வரை கவனிக்கிறாள், பெண்டாட்டிக்குக் கண் நல்ல கூர்மை. ஆனால் வியாபாரம் தெரியாது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

லைவ் படுத்துவிட்டது. நானூறு பதிவு வரும் இடத்தில் தொண்ணூற்று மூன்று. "காப்பி கடை" என்று ஒருத்தி எழுதினாள். கோகிலா சிரித்தபடியே, "அக்கா, முந்தி பாருங்க, இது நம்ம தறியில மட்டும்தான்" என்றாள்.

வயிறு எரிகிறவளுக்குச் சிரிப்பு வருமா? எனக்கு வரவில்லை. குறித்து வைக்கிறேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

கோகிலா மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, குடோன் மூலையில் நின்று இருபது நிமிடம் போன் பேசினாள். நான் பண்டல் எண்ணுகிற சாக்கில் பக்கத்தில் போனேன். "அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

இவளுடைய பெரியம்மா பையன் குழந்தைவேலிடம் டெம்போ ஓட்டுகிறான். வேலைக்குச் சேரும் அன்றைக்கே அவளாகச் சொன்னாள். அப்போது நேர்மையான பெண் என்று நினைத்தேன். கேட்காமலே ஒருத்தி எதற்குச் சொல்ல வேண்டும்?

செப்டம்பர் 1, ஞாயிறு

நேற்று மறுபடியும். இம்முறை மயில்கழுத்து நிறமும் வெள்ளிக் கரையும். முந்தி மட்டும் வழக்கம்போல அவன் இஷ்டத்துக்கு.

லைவ் முடிந்ததும் கோகிலா என் மேசைக்கு வந்தாள்.

"பெரியண்ணா, ஒண்ணு சொல்லட்டுங்களா. நாலு வாரமா பாக்கறேன். அவங்களுக்கு உடலு தெரியுது, கரை தெரியுது. முந்தி மட்டும் தெரியலைங்க. நம்ம கடையில இருக்கறவங்க எடுத்துக் குடுத்தா முந்தியத்தானுங்க மொதல்ல குடுப்பாங்க. இது யாரோ சேலைய விரிச்சுப் பாக்காதவங்க எடுத்ததுங்க. கட்டி இருக்கறப்பப் பாத்த மாதிரி."

"கட்டறது நீதானே" என்றேன்.

முகம் சுருங்கிவிட்டது. "நான் ஞாயித்துக்கெழம தாங்கண்ணா கட்டறேன். அதுக்கு முன்னாடி படம் வேற எங்கயாச்சும் போகுதுங்களா?"

"கடையில இருவத்தாறு வருஷமா இருக்கறவன் நான். எட்டு மாசத்துக்காரி எங்கிட்ட வெசாரணை நடத்தறியா?" என்று சத்தம் போட்டுவிட்டேன். பேக்கிங் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். திருடியவர்கள்தான் முதலில் துப்பறியக் கிளம்புவார்கள்.

தம்பி, "அந்தப் புள்ள சொல்றதுல விஷயம் இருக்குதுங்ண்ணா" என்றான். அவனுக்குப் போனில் பேசுகிறவர்கள் எல்லோருமே அறிவாளிகள்.

செப்டம்பர் 3, செவ்வாய்

இலைப்பச்சையில் செங்கல் கரை. அம்மனுக்கு அப்படியே பொருந்தியது. கதம்ப மாலையும் எலுமிச்சை மாலையும் போட்டு, தீபம் காட்டி, மாரப்பன் படம் எடுத்தார். கோயிலுக்கென்று ஒரு பக்கம் போனவருடம் நான்தான் தொடங்கச் சொன்னேன். போனும் நான் வாங்கிக் கொடுத்ததுதான். தர்மகர்த்தாவாக இருந்துகொண்டு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி. ஆறாயிரம் பேர் பார்க்கிறார்கள், துபாயிலிருந்துகூட. "உபயம்: மயில்தோகை சேரீஸ்" என்று கீழே போட மாரப்பன் மறப்பார், நான் நினைவுபடுத்துவேன்.

படம் ஏறிய நிமிடமே முதல் கும்பிடு குழந்தைவேலுடையது. செய்வது திருட்டு, பக்திக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

இன்னொரு வேடிக்கை. கிளிப் படம் வைத்துக்கொண்டு, சொந்தப் பெயர் போடாமல் யாரோ கீழே எழுதியிருந்தார்கள்: "ஐயா, செவ்வாய் அலங்காரப் படத்தைத் திங்கட்கிழமைக்கு மேல் போட முடியுமா? தயவுசெய்து." என்ன திமிர். நானே பதில் போட்டேன்: "அம்மனுக்கு நேரம் குறிக்க நீ யார்?" அரை மணியில் எண்பது பேர் கைதட்டினார்கள். வெகுநாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை நன்றாக இருந்தது. இலைப்பச்சை, செங்கல் கரை, எதிர்க்கடையில்.

செப்டம்பர் 9, திங்கள்

பொறி வைக்கிறேன். இந்த வாரத்து உண்மையான டிசைன் கத்திரிப்பூ நிறம், தங்கக் கரை. அதைத் தறிக்காரர் வீட்டிலிருந்து நானே வாங்கி வந்து, என் அறை பீரோவில் பூட்டிவிட்டேன். தம்பிக்குக்கூடக் காட்டவில்லை. கோகிலாவிடம் போனவருடத்து ரோஸ் கலர் சேலை ஒன்றைக் கொடுத்து, "இதுதான் இந்த வாரம்" என்றேன்.

சனிக்கிழமை எதிர்க்கடையில் ரோஸ் வந்தால் அவள் கதை முடிந்தது.

செப்டம்பர் 10, செவ்வாய்

கத்திரிப்பூச் சேலையை மஞ்சப்பையில் சுற்றி நானே கோயிலுக்கு எடுத்துப் போனேன். கடையில் ஒருவரும் பார்க்கவில்லை. அம்மனுக்குத் தங்கக் கரை தனி அழகு. உபயம் போட மாரப்பனுக்கு நினைவுபடுத்தினேன்.

செப்டம்பர் 14, சனி

ரோஸ் வரவில்லை. கத்திரிப்பூ வந்தது, தங்கக் கரையோடு.

ஒரு மணி நேரம் யோசித்தேன். அவள் பார்க்காத சேலை எப்படிப் போயிருக்கும்? பிறகு புரிந்தது. என் அறையில்தான் தண்ணீர் கேன் இருக்கிறது. பீரோ சாவி ஆணியில் தொங்குகிறது. சேலையைப் பூட்டி வைத்த திங்கட்கிழமை அவள் இரண்டு முறை தண்ணீர் பிடிக்க வந்தாள். ரோஸ் பொய் என்று கண்டுபிடித்து அதை விட்டுவிட்டு, பீரோவைத் திறந்திருக்கிறாள். கெட்டிக்காரி. இவ்வளவு கெட்டிக்காரியாக இருப்பாள் என்று நான் நினைக்கவில்லை.

செப்டம்பர் 16, திங்கள்

கோகிலாவை நிறுத்திவிட்டேன்.

அதற்கு முன் ஒன்று கேட்டேன். "நேத்து பஸ் ஸ்டாப்புல கொழந்தவேலு சம்சாரத்தோட என்ன பேச்சு?" தறிக்காரர் ஒருவர் பார்த்துச் சொன்னார்.

அவள் மறைக்கவில்லை. "அவங்க கடைக்கு வரச்சொல்லிக் கூப்புட்டாங்க பெரியண்ணா. வரலன்னு சொன்னேன்."

"ஏன் வரலன்னு சொன்ன?"

கேட்டதும் அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. "இங்க வேல செய்யறேன்ல, அதானுங்க" என்றாள்.

அழவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, பேக்கிங் பெண்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள். வாசலில் திரும்பி, "அண்ணா, முந்தியப் பத்தி மட்டும் ஒருக்கா யோசிங்க" என்றாள். நான் பில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

இரவு தம்பி என்னோடு சாப்பிட உட்காரவில்லை. அது வேறு காரணமாகக்கூட இருக்கலாம்.

செப்டம்பர் 17, செவ்வாய்

ஊர் ஜவுளி வியாபாரிகள் வாட்ஸ்அப் குழுவில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். இன்று காலை எழுதிப் போட்டேன்: "எச்சரிக்கை. இந்தப் பெண் கடை ரகசியத்தை விற்பவள். யாரும் வேலைக்குச் சேர்க்க வேண்டாம்." படம் வேண்டுமே என்று லைவிலிருந்து ஒன்றை எடுத்தேன். எங்கள் கடுகு மஞ்சளைக் கட்டிக்கொண்டு, முந்தியை இரண்டு கையாலும் பிடித்துக் காட்டுகிற படம்.

நூற்று நாற்பது பேர் கட்டைவிரல் காட்டினார்கள். "நல்ல வேளை சொன்னீங்க" என்று பலர். வேறு ஊர்க் குழுக்களுக்கும் அனுப்பச் சொன்னேன். அடுத்தவன் ஏமாறக் கூடாது.

அம்மனுக்கு இந்த வாரம் வெங்காயத்தோல் நிறம், கறுப்புக் கரை.

செப்டம்பர் 21, சனி

வெங்காயத்தோல். கறுப்புக் கரை.

தம்பி கடையை அடைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தான். "இப்ப யாருங்ண்ணா?"

"போறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சிருப்பா" என்றேன்.

"அவ போனது திங்கக்கெழம. சேல தறியில இருந்து எறங்குனது செவ்வாக்கெழம. தறியிலயே போயி எடுத்தாளா?"

தலை வலிக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன். தலைவலி உண்மைதான்.

செப்டம்பர் 24, செவ்வாய்

அம்மனுக்கு வாடாமல்லி நிறச் சேலை. இன்று கோயிலில் கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிட்டேன்.

செப்டம்பர் 25, புதன்

எழுத ஒன்றும் இல்லை. மோட்டார் ரிப்பேர். ஆள் வரவில்லை.

செப்டம்பர் 26, வியாழன்

எழுதாமல் தீராது.

செவ்வாய் மாலை தீபம் காட்டும்போது அம்மன் மேல் இருக்கிற சேலையைப் பார்த்தேன். இருபத்தாறு வருடமாகப் பார்க்கிறேன், அன்றுதான் பார்த்தேன். கொசுவம் தெரிகிறது, அதனால் உடல் நிறம் தெரிகிறது. கரை தெரிகிறது. முந்தியை மாரப்பன் பின்னால் சுற்றிச் செருகி, மேலே மாலைகளைப் போட்டுவிடுகிறார். முந்தி தெரியவே தெரியாது. குழந்தைவேலின் சேலையில் எது எது சரியோ அதெல்லாம் அம்மன் மேல் தெரிந்தது. எது தப்போ அது மாலைக்குப் பின்னால் இருந்தது.

மாரப்பன் போனை நீட்டினார். "உபயம் போட்டுட்டனுங்க தலைவரே, இன்னிக்கு மறக்கல."

கடையின் பெயரையும் போட்டு, நாலு நாள் முன்னால், ஆறாயிரம் பேருக்கு என் டிசைனை நானே காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அவன் கும்பிட்டுக்கொண்டே பார்த்திருக்கிறான்.

இன்று பழைய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். செப்டம்பர் மூன்றாம் தேதிப் படத்தின் கீழ் அந்தக் கிளி. இத்தனை நாள் அழுத்திப் பார்க்கத் தோன்றவில்லை. அழுத்தினேன். உள்ளே தாரமங்கலம் கோயில், கல்லூரித் தோழிகள், எங்கள் கடை வாசலில் எடுத்த படம், "முதல் சம்பளம்" என்று ஒரு கைப்பை. கோகிலவாணி.

என்னிடம் கேட்டுத் திட்டு வாங்கிய பிறகு, என் பெயரை இழுக்காமல், யாரோ போலப் போய்ப் பூசாரியிடம் கெஞ்சியிருக்கிறாள். அதற்கும் நான்தான் பதில் போட்டிருக்கிறேன். கைதட்டல் இப்போது நூற்றுப் பத்தாகி இருக்கிறது.

வெட்கமாக இருக்கிறது. ஐம்பத்து நாலு வயதில் இப்படி ஒரு வெட்கம் வரும் என்று நினைக்கவில்லை.

செப்டம்பர் 27, வெள்ளி

மாரப்பனிடம், படத்தை இனிமேல் திங்கட்கிழமைக்கு மேல் போடச் சொன்னேன். அவர் சிரித்தார். "இதத்தானுங்க அந்தக் கிளி கேட்டுச்சு. நீங்கதான் விரட்டி விட்டீங்க."

குழந்தைவேலை வழியில் பார்த்தேன். கேட்டேவிட்டேன். "அம்மன் எல்லாருக்கும் பொதுங்கண்ணா. நான் கும்படறதத் தப்புன்னுவீங்களா?" என்றான். அவனை என்ன செய்வது. கதவைத் திறந்து வைத்தவன் நான்.

செப்டம்பர் 29, ஞாயிறு

லைவ் நடத்த ஆள் இல்லை. தம்பியே நின்று சேலையைத் தலைகீழாக விரித்தான். ஆனால் நேற்று எதிர்க்கடையில் எங்கள் வாடாமல்லி வரவில்லை. செவ்வாய் இரவே படத்தை எடுக்கச் சொல்லிவிட்டேன், அதை நான் இங்கே எழுதவில்லை.

காலையில் வியாபாரிகள் குழுவில் எழுதினேன். நாலு முறை அழித்தேன். கடைசியில் போட்டது: "கோகிலவாணி குற்றமற்றவர். டிசைன் வெளியே போனது என் தவறால். அவர் மீது நான் சொன்னது பொய். மன்னிக்கவும். செங்கோட்டுவேல், மயில்தோகை சேரீஸ்." பழைய செய்தியை நீக்கச் சொல்லி அட்மினுக்குப் போன் செய்தேன். நீக்கினார். மன்னிப்புக்குக் கட்டைவிரல் ஒன்பது. அதில் ஒன்று குழந்தைவேலுடையது.

மாலை தம்பியோடு தாரமங்கலம் போனேன். கோகிலா வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வேலைக்கு வரச் சொன்னேன், சம்பளம் கூட்டுவதாகவும் சொன்னேன்.

"எனக்குத் தெரியுமுங்க பெரியண்ணா, அம்மன் படந்தான்னு."

"நேரா எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

தம்பி தரையைப் பார்த்தான். நானும்.

"சேலத்துல ரெண்டு கடைக்குப் போனேன். பேரு கேட்டாங்க. போன எடுத்துப் பாத்தாங்க. கூப்புடறோம்னாங்க." துணியை மடித்துக்கொண்டே பேசினாள். "திருடின்னு போட்டதுகூட விடுங்க. அந்தப் படத்தையா போட்டீங்க? நம்ம சேல நல்லா ஓடணும்னு சிரிச்சிட்டு நிக்கற படம் அது."

மன்னிப்புக் கேட்டேன். வாய்விட்டே கேட்டேன்.

"வேல வேணாங்க. அந்தப் படத்த மட்டும் திருப்பி எடுத்துருங்க."

"எடுத்தாச்சும்மா, அட்மின்கிட்டச் சொல்லி" என்றேன்.

அவள் உள்ளே போய்ப் போனை எடுத்து வந்து காட்டினாள். அவளுடைய சித்தப்பாவுக்கு ஓசூரிலிருந்து யாரோ அனுப்பியது. மேலே சின்ன எழுத்தில் 'பல முறை பகிரப்பட்டது' என்று இருந்தது.

அக்டோபர் 8, செவ்வாய்

அம்மனுக்குச் சேலை. படம் அடுத்த திங்கள். டிசைன் போகவில்லை. பதிவு முன்னூற்றைத் தாண்டிவிட்டது. தம்பி இப்போது என்னோடு சாப்பிடுகிறான், பேச்சு மட்டும் அளந்துதான்.

மதியம் ஈரோட்டு வியாபாரி ஒருவர் எனக்கே அனுப்பினார், என் எச்சரிக்கையை. "உங்க ஊருப் பொண்ணாம், உஷார்." எழுதியது யார் என்பது வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது.

அவருக்குப் பதில் எழுதினேன். உங்களுக்கு யார் அனுப்பினார்கள் என்று கேட்டு, அனுப்பியவருக்கும் எழுதினேன். அவர், தான் அனுப்பிய மூன்று பேரைச் சொன்னார்.

அக்டோபர் 19, சனி

கோபி, திருப்பூர், சின்னாளப்பட்டி. ஒரு பெங்களூர்க்காரர். கடை வேலையைக் காலை பத்து மணிக்கு மேல் தம்பியிடம் விட்டுவிடுகிறேன். "ஏனுங்க, வெசாரண நடத்தி முடிஞ்சுதா?" என்று கமலவேணி கேட்டாள். கேலிதான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து நம்பர்களை அவள்தான் படித்துச் சொல்கிறாள்.

இத்தனை நாள் திருடன் எங்கே என்று தேடினேன். இப்போது நான் விட்டது எங்கெங்கே போயிருக்கிறது என்று தேடுகிறேன். முன்னதைவிட இது பெரிய ஊர்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்து, இலையில் உட்காரும்போது போன் சத்தம் கேட்டது. நாமக்கல்லில் இருக்கிற என் சொந்த அத்தை மகன். முதலில் ஒரு விளக்குப் படம், இனிய தீபாவளி வாழ்த்துகள். அடுத்து கடுகு மஞ்சள் சேலையில், முந்தியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படம். "மாமா, இந்தப் பொண்ணு உங்க பக்கமாம். யாரும் சேத்துக்காதீங்க."

கமலவேணி இலையில் சாப்பாடு வைத்துவிட்டு, "சாப்புட்டுட்டு எழுதலாமுங்க" என்றாள்.

எழுதிவிட்டுத்தான் சாப்பிட்டேன். இது நாற்பத்தோராவது ஆள். எல்லோருக்கும் எழுதுகிற அதே இரண்டு வரிதான்:

"மாப்ளே, இது பொய். எழுதினவன் நான்."